தீர்ப்பு வந்தாச்சு, காசு எங்கே?

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர், திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிறுத்திய வழக்கில் திருச்சி தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது: மறுபடி வேலை கொடு, இடைப்பட்ட காலத்துச் சம்பளத்தையும் கொடு. அந்த நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறார். "ஜெயிச்சுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க சார், கையில ஒண்ணும் வரலியே" என்றார். அவருக்காகப் படித்ததுதான் இது.

1947-ஆம் வருஷத்து தொழிற்தகராறு சட்டத்தில், தீர்ப்பு சொன்ன தொழிலாளர் நீதிமன்றமே நேரடியாக ஜப்தி செய்து பணத்தை வாங்கித் தராது. 33-சி(1) பிரிவில் அரசிடம் மனு போட வேண்டும். பணம் பாக்கி என்று தெரிந்தால் அரசு கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பும். கலெக்டர் அதை நில வரி பாக்கி மாதிரி வசூலிப்பார். அதற்குப் பயன்படுவது 1864-ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம்! தொழிலாளிக்குச் செலவு குறைவு. ஆனால் தாலுகா ஆபீஸில் ஆயிரம் வேலைக்கு நடுவே இது எப்போது நகரும் என்பது வேறு கதை. மனு போட ஒரு வருஷம்தான் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம்.

சரி, நம்மவர் ஏன் தடுக்கி விழுந்தார்? தீர்ப்பில் 'சம்பளம் கொடு' என்று இருக்கிறது, எத்தனை ரூபாய் என்று இல்லை. தொகை இல்லாமல் கலெக்டர் எதை வசூலிப்பார்? இதற்குத்தான் 33-சி(2). தொழிலாளர் நீதிமன்றத்துக்கே திரும்பிப் போய்த் தொகையைக் கணக்கிட்டு வாங்குவது. உரிமை உண்டா இல்லையா என்று புதிதாக வாதாடும் இடம் அல்ல இது. ஏற்கெனவே கிடைத்த உரிமைக்கு ரூபாய்க் கணக்கு போடும் இடம். இந்தப் பிரிவில் மனு போடக் கெடு எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது. நம்மவருக்குப் பெரிய ஆறுதல்.

2010 திருத்தத்தில் இன்னொரு வழியும் வந்தது. தொழிலாளர் நீதிமன்றம் தன் தீர்ப்பை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பும். அங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளைப்படி, சாதாரண டிக்ரி மாதிரியே ஜப்தி வரைக்கும் போகலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

முதலாளி மதுரைக் கிளைக்குப் போய்விட்டால்? வேலை திரும்பக் கொடுக்கச் சொன்ன தீர்ப்பாக இருந்தால், 17-பி பிரிவின்படி வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துவர வேண்டும். வேறெங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் போட வேண்டும்.

தீர்ப்பை மீறினால் தண்டனையும் உண்டு, ஆறு மாதம் வரை சிறை. ஆனால் தொழிலாளி நேரே போய் அந்த வழக்கைப் போட முடியாது, அரசு போட வேண்டும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. கலெக்டர் வழி அதிலும் இருக்கிறது, 59-ஆம் பிரிவாக.

கணக்குப் போடக் கடைசிச் சம்பளச் சீட்டு வேணும்னு வக்கீல் கேட்டிருக்கிறார். நம்மவர் பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.