கேளாமல் வரும் விளம்பரங்கள்

கல்முனை, மருதமுனைப் பக்கம் கைத்தறி நெய்யும் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது: "ரீலோட் போட்டு ரெண்டு நாள்தான், டேட்டா முடிஞ்சி போகுது." வெளிநாட்டிலுள்ள கணவரின், பிள்ளையின் முகம் பார்க்கவென்று வாங்கிய டேட்டாவில் ஒரு பங்கை, நாம் கேட்காமலே ஓடும் வீடியோ விளம்பரங்கள் தின்றுவிடுகின்றன.

இதைக் குறைக்கலாம். அன்ட்ரொய்ட் போன் என்றால், பிளே ஸ்டோரில் பயர்பொக்ஸ் உலாவியை இலவசமாக இறக்குங்கள். அதன் மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'யூபிளொக் ஒரிஜின்' என்பதைச் சேருங்கள். அதுவும் இலவசம்தான். இணையப் பக்கங்களிலுள்ள பெரும்பாலான விளம்பரங்களை இறங்கும் முன்பே அது தடுத்துவிடும். பேஸ்புக் போன்ற செயலிகளுக்குள் வருபவற்றை மட்டும் அது தடுக்காது.

போனின் மேற்பக்கத்தில் விளம்பர அறிவித்தல் வந்து விழுந்தால், அதை விரலால் சற்று அழுத்திப் பிடியுங்கள். அங்கேயே நிறுத்திவிடலாம்.

"உங்கள் போனில் வைரஸ்", "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று வருபவற்றைத் தொடவே வேண்டாம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இழந்தபின் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு நம்முடையது. வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தையும் போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சகோதரிகளே.