காப்பி இலையில் துரு ஏன் பிடிக்கிறது?

ஆத்தூருக்கு மேற்கே மலையேறினால் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்கள். அங்கே சில இலைகளின் அடிப்பக்கத்தைத் தொட்டால் ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டும். துருப் பூஞ்சையின் வித்துகள் அவை.

காற்றும் மழைச்சாரலும் அவற்றைப் பரப்பும். இலையில் ஈரம் சில மணி நேரம் நின்றால் வித்து முளைத்து, சுவாசத்துளை வழியே நுழைந்து சத்தை உறிஞ்சும். இலை உதிரும், காய்ப்புக் குறையும்.

ஆப்பிளைத் தாக்கும் சில துருக்களுக்கு வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க ஜூனிபர் மரமும் வேண்டும். காப்பித் துருவுக்குக் காப்பியே போதும். இலங்கையில் 1869இல் தென்பட்ட இந்நோய், அங்கே காப்பியை வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்டது.

தடுப்பது எப்படி? மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வெளியே முளைக்கும் வித்தைத்தான் அது கொல்லும். உள்ளே புகுந்த பூஞ்சையை எட்டாது. ஆகவே மழைக்கு முன்பே தெளிப்பதுதான் பலன் தரும்.