வெறுங்காலில் நடக்கும் ஊர்: நாய்க் கழிவை உடனே அள்ள வேண்டும் என்பது ஏன்?

திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களில் பெரும்பாலானோர் 14 கிலோமீட்டர் தூரத்தையும் செருப்பில்லாமல்தான் நடக்கிறார்கள். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் அந்தப் பாதையைக் கடக்கிறார்கள். கிரிவலப் பாதையை ஒட்டியுள்ள ரமணாசிரமம் பகுதி போன்ற இடங்களில், நடைக்கு அழைத்து வரப்படும் வளர்ப்பு நாய்களும் அதே சாலையோரத்தில்தான் ஒதுங்குகின்றன. அதை அள்ளாமல் விட்டுச் சென்றால் அது அசிங்கம் மட்டும்தானா, ஆபத்தும்கூடவா?

அதில் என்ன இருக்கிறது?

நாயின் குடலில் வாழும் புழுக்களில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு இரண்டும் மனிதர்களுக்கும் தொல்லை தருபவை. கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள மண் கிடைத்தால் ஓரிரு நாட்களில் பொரிந்துவிடும். சுமார் 5 முதல் 10 நாட்களில், மனிதத் தோலைத் துளைத்து நுழையும் அளவுக்கு இளம்புழுக்கள் தயாராகிவிடும். இவை வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. வெறுங்காலில் அந்த மண்ணை மிதித்தாலே போதும்.

உள்ளே நுழைந்த புழு தோலுக்கடியில் ஊர்ந்து செல்லும். சிவந்த, வளைந்து நெளிந்த கோடு தெரியும். அரிப்பு தாங்க முடியாது. இது நாய்க்கு உரிய புழு என்பதால், மனித உடலில் பெரும்பாலும் சில வாரங்களில் செத்துவிடும். டாக்டரிடம் காட்டினால் மாத்திரையிலேயே குணமாகும். சொறிந்து புண்ணாக்கிக்கொண்டால்தான் சிக்கல் கூடும்.

உருண்டைப்புழு குழந்தைகளுக்கு அதிக ஆபத்தானது. அதன் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அரிதாக இந்தப் புழு கண்ணைத் தாக்கினால் பார்வையே பாதிக்கப்படலாம்.

‘உடனே’ என்பது ஏன்?

நாய் இப்போதுதான் போட்ட மலத்தில் உள்ள இந்த முட்டைகள் அந்த நிமிடமே யாரையும் தொற்றாது. கொக்கிப்புழுவுக்குச் சில நாட்களும், உருண்டைப்புழுவின் முட்டைக்கு இரண்டு வாரங்களுக்கு மேலும் மண்ணில் அவகாசம் தேவை. அந்த அவகாசத்தைக் கொடுப்பது, அள்ளாமல் விட்டுப் போகிறவர்தான். மழை பெய்தால் மலம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். முட்டைகள் மண்ணிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு எதை அள்ளுவது?

வெயிலில் காயும் தார்ச்சாலையில் இளம்புழுக்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. பாதையோர மண்ணும் மரநிழலும்தான் அவற்றுக்குத் தோதான இடங்கள். நடந்து களைத்தவர்கள் உட்காருவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, கூட்டம் அலைமோதும் கார்த்திகை தீபம் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். அப்போது மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமிருக்காது.

“தெருநாய் போவுதே, அதை யார் அள்றது?”

நியாயமான கேள்விதான். தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி போன்றவை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வளர்ப்பு நாய்க்கோ பொறுப்பேற்க ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். தடுக்கக்கூடிய பங்கைத் தடுப்பதற்கு மற்றதெல்லாம் சரியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

“மாட்டுச் சாணி மாதிரி உரம்தானே?” என்பது இன்னொரு வாதம். இறைச்சியும் உண்ணும் நாயின் கழிவு, புல் தின்னும் மாட்டின் சாணம் போன்றதல்ல. மேலே சொன்ன புழுக்களும் அதில் இருக்கலாம் என்பதால் கீரைப் பாத்தியிலோ காய்கறித் தோட்டத்திலோ போடவே கூடாது. “துப்புரவுப் பணியாளர் பார்த்துக்குவாங்க” என்பதும் சரியல்ல. நம் வீட்டு நாயின் மலத்தை இன்னொருவர் ஏன் அள்ள வேண்டும்?

என்ன செய்யலாம்?

* நடைக்குக் கிளம்பும்போதே இரண்டு பழைய செய்தித்தாள் துண்டுகளும் ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பையைக் கையுறைபோல் மாட்டி அள்ளி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி முடிச்சுப் போட்டால் கையில் படாது.
* கட்டிய பையை மரத்தடியிலோ கால்வாயிலோ வீசாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பை இல்லாமல் அள்ளியதை வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே புழு வந்துவிடும். எனவே இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து தேவைப்படலாம். வளர்ந்த நாய்களுக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க்கில் 1978 முதலே இதற்குச் சட்டம் உண்டு. மும்பை மாநகராட்சியின் 2006-ம் ஆண்டுத் துணை விதிகள், வளர்ப்புப் பிராணியின் கழிவை அள்ளாதவருக்கு 500 ரூபாய் அபராதம் நிர்ணயித்தன. இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், பொது இடத்தில் நாய் மலம் கழித்தால் வளர்ப்பவரே சுத்தம் செய்யும்படி அறிவுறுத்துகின்றன. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் அபராதத்துக்குப் பயந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

விலங்குகளை ‘அது’ என்று சொல்லாமல் ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிட்டவர் ரமணர். அவருடைய ஆசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே இருக்கிறது. அப்படிப்பட்ட பகுதியிலும், மிதித்தவரின் கோபம் முதலில் பாய்வது நாயின் மேல்தான். அதை அழைத்து வந்தவர் கையில் ஒரு பை இருந்தால், அந்தக் கோபத்துக்கே வேலை இருக்காது.