கட்டட வரைபடம் ‘பிம்’முக்கு மாறும்போது

சிங்கப்பூரில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தரைப்பரப்புள்ள புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை ‘பிம்’ எனும் முப்பரிமாண மாதிரியாகச் சமர்ப்பிக்க வேண்டுமெனக் கட்டட, கட்டுமான ஆணையம் 2013இல் விதித்தது. 2015இல் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டருக்கு இறங்கியது. சிறிய அலுவலகங்களும் ஒதுங்கி நிற்க முடியவில்லை.

ஆட்டோகேட் வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுதான். பிம்மில் அதற்குக் கனம், உயரம், பொருள் எல்லாம் உண்டு. ஒரு சன்னலை நகர்த்தினால் தளப்படம், முகப்புப் படம், சன்னல் பட்டியல் மூன்றும் சேர்ந்தே மாறும். உத்தரத்தில் குளிர்சாதனக் குழாய் இடிப்பது கணினியிலேயே தெரிந்துவிடும். கான்கிரீட் ஊற்றியபின் உடைக்கிற வேலை குறையும்.

செலவு மென்பொருளோடு நிற்பதில்லை. கதவு, சன்னல் மாதிரிகளை முதலில் சேர்த்து வைக்கவேண்டும் என்பதால் முதல் திட்டம் மெதுவாகவே நகரும். அவசரமில்லாத சிறு வேலையில் தொடங்குவதே நல்லது.

இதில் பலருக்கும் உள்ள பயம், இருபது ஆண்டு வரைபடம் போட்டவரின் வேலை போய்விடுமோ என்பது. ரெவிட் தெரிந்த இளையர்களிடமே எல்லாவற்றையும் விட்டுவிடுவது சரியல்ல. மழைத்தண்ணீர் எந்த மூலையில் கசியும் என்பது மூத்தவருக்குத்தான் தெரியும். அவருக்கான பயிற்சியை வேலை நேரத்திலேயே கொடுக்கவேண்டும், சனிக்கிழமைகளில் அல்ல.