மனவரைபடக் கோப்புகளும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரும்: நெய்வேலிச் சுரங்க அறிவை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மனவரைபடம், செயற்கை நுண்ணறிவு, அறிவு மேலாண்மை, நெய்வேலி, பழுப்பு நிலக்கரி

நெய்வேலியில் ‘நீர்’ என்னும் சொல்லின் பொருள் இடத்திற்கேற்ப மாறுகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் அது பகை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை ஆழ்குழாய்கள் வழியே இடைவிடாது இறைக்காவிடில், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அது மேலெழும். அனல்மின் நிலையத்திலோ நீரின்றி உலை இயங்காது. சுரங்கத்தில் இறைக்கப்படும் நீரே மின்நிலையத்திற்கும் நகரியத்திற்கும் பயன்படுகிறது. இச்செய்திகளை ஒரு மனவரைபடமாக வரைந்தால், ‘நீர்’ என்னும் கணு குறைந்தது மூன்று கிளைகளில் இடம்பெறும். அக்கோப்பைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் இணைத்து வினவும்போது, எந்த நீரைப் பற்றிய வினா என்பதை அது எங்ஙனம் அறியும்? இக்கட்டுரை இச்சிக்கலை விளக்க முற்படுகிறது.

கோப்பின் உள்ளமைப்பு

1970களில் டோனி புசான் பரவலாக்கிய மனவரைபடம் கண்ணுக்குப் படம். கணினிக்கு அது எழுத்துக்கோவை. ஃப்ரீமைண்ட், ஃப்ரீப்ளேன் ஆகிய மென்பொருள்கள் அதனை எக்ஸ்எம்எல் வடிவில் சேமிக்கின்றன. எக்ஸ்மைண்டின் கோப்பு, பல கோப்புகளை உள்ளடக்கிய சுருக்கப் பொதி. அதனைப் பிரித்த பின்னரே உள்ளடக்கத்தைப் படிக்க இயலும். எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு கணுவினுள் அதன் கிளைக்கணுக்கள் அடங்குகின்றன; கணுவுக்கென ஓர் அடையாள எண்ணும் இருக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இங்கே தனி இடர் ஒன்று உண்டு. ஃப்ரீமைண்ட், ஆங்கில எழுத்தல்லாத ஒவ்வொரு குறியையும் எண் குறியீடாக மாற்றி எழுதுகிறது. ‘நிலக்கரி’ நமக்கு 5 எழுத்து. ஒருங்குறியில் 8 குறி. இக்கோப்பினுள் 56 எழுத்துருக்கள். இதனை அப்படியே உதவியாளரிடம் கொடுப்பது, அதன் வாசிப்பு எல்லையை வீணே நிரப்புவதாகும். ‘நிலக்கரி’ எனத் தேடினாலும் விடை கிட்டாது. எனவே எக்ஸ்எம்எல் பகுப்பி ஒன்றின் வழியாகத் தமிழ் எழுத்துகளை முதலில் மீட்டாக வேண்டும்.

இணைக்கும் முறை

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறை இவ்விணைப்புக்கு ஏற்ற வழியாகும். கோப்புக்கும் உதவியாளருக்கும் இடையே ஒரு சிறு நிரல் நிற்கிறது. ‘தேடு’, ‘கிளையைப் படி’, ‘கணுவைச் சேர்’ போன்ற சில கருவிகளை அது உதவியாளருக்கு வழங்குகிறது. முழுக் கோப்பையும் ஊட்ட வேண்டிய தேவை இதனால் இல்லை.

எனினும் தேடல் கருவி எதைத் திருப்பித் தருகிறது என்பதைப் பொறுத்தே விடையின் தரம் அமையும். ‘நீர்’ என்ற கணுவை மட்டும் தந்தால் உதவியாளர் ஊகிக்கத் தொடங்கிவிடும். ‘நெய்வேலி – சுரங்கம் – அழுத்தத் தணிப்பு – நீர்’ என வேர் முதல் முழுப் பாதையையும் அடையாள எண்ணோடு தந்தால் ஊகத்திற்கு இடம் குறையும். மனவரைபடத்தில் பொருளின் பெரும்பகுதி சொல்லில் இல்லை, இருப்பிடத்தில் உள்ளது என்பது என் கருத்து.

இருப்பிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சுரங்க நீர் மின்நிலையத்திற்குச் செல்லும் உறவு, மரக்கிளைக்குள் அடங்காத குறுக்குறவு. வரைபடத்தில் அதனை ஓர் அம்புக்குறி காட்டும். கோப்பில் அது மற்றொரு கணுவின் அடையாள எண்ணைச் சுட்டும் தனிக்கூறாக இருக்கும். உள்தள்ளிய பட்டியலாகக் கோப்பை மாற்றித் தரும் எளிய நிரல்கள் பெரும்பாலும் முதலில் கைவிடுவது இதனைத்தான். அப்பட்டியலைப் படிக்கும் உதவியாளர், இறைப்புக் குறைந்தால் மின்நிலையத்தில் என்ன நேரும் என்ற வினாவிற்கு வரைபடத்திலிருந்து விடை காண இயலாது.

பெயர் மாற்றமும் கருதத்தக்கது. 1956இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016 முதல் என்எல்சி இந்தியா எனப்படுகிறது. பழைய பெயரைக் கணுவின் குறிப்புரையில் சேர்த்துவிட்டால் போதும்.

எழுதும் உரிமை

படிக்க விடுவதைக் காட்டிலும் எழுத விடுவதில் கவனம் கூடுதலாக வேண்டும். உதவியாளர் முழுக் கோப்பையும் மீண்டும் எழுத நேர்ந்தால் அடையாள எண்கள் மாறக்கூடும். அவற்றைச் சுட்டிய அம்புகள் இலக்கின்றி அறுபடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலே இது நிகழலாம். ஆதலால் ஒரு கணுவை மட்டும் சேர்க்கும் கருவியையே வழங்குதல் நன்று. சேர்க்கப்படுவனவும் ‘சரிபார்க்க வேண்டியவை’ என்னும் தனிக்கிளையில் தங்க வேண்டும். நீரழுத்தம் பற்றிய குறிப்பாயின், சுரங்கப் பணியறிந்த ஒருவர் படித்த பின்னரே உரிய கிளைக்கு அதனை நகர்த்த வேண்டும்.