சுருக்கியும் குறையாத சொற்கள்

உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் பைதன் மொழியில் பெரும்பாலும் புள்ளிகளைக் கூட்டவும் சராசரி காணவும்தான் நிரல் எழுதுகிறோம். சென்ற விடுமுறையில் நான் அதை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினேன். என் உம்மும்மாவுக்கு நாட்டார் கவிகள் நிறைய மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு கவியையும் அவர் தந்த விளக்கத்தோடு ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வந்தேன். இடத்தை மிச்சப்படுத்த நினைத்துத் தரவைச் சுருக்கி வைக்கப் போய், அதில் ஒரு பகுதியை இழந்துவிட்டேன். அந்தப் பிழையை விளங்கிக்கொள்ளத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கணினியில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்று இடத்தைப் பிடிக்கும். இன்று எங்கும் வழங்கும் யூ.ரி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்றுகள் வேண்டும். 'உம்மா' என்ற சொல்லில் உ, ம, புள்ளி, ம, அரவு என ஐந்து குறிகள். ஆகவே 15 பைற்றுகள். ஆனால் அந்த மூன்று பைற்றுகளில் முதலாவது எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து பெரிய வேறுபாடு வருகிறது. தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கிறது என்று குறைப்படுவோர் உண்டு. ஆனால் இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் சுருக்கும் நிரலுக்குக் கிடைக்கும் நல்ல தீனி.

பைதனோடு கூடவே வரும் 'இசட்லிப்' என்ற தொகுதி இந்த வேலையைச் செய்கிறது. (நம்மை நித்திரையில்லாமல் வைத்திருக்கும் இசட் புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை!) ஷான்-லூ கெய்லி, மார்க் அட்லர் என்ற இருவர் இதை உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். இது இரண்டு பழைய யோசனைகளைச் சேர்த்து இயங்குகிறது.

முதலாவது, ஆபிரகாம் லெம்பெல், யாக்கொப் சிவ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்டது. "வாப்பா கடைக்குப் போனார், நானா கடைக்குப் போனார்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை வரும் "கடைக்குப் போனார்" என்பதை முழுவதும் எழுதாமல், "61 பைற்றுகள் பின்னே போ, அங்கிருந்து 46 பைற்றுகளைப் பிரதி செய்" என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்தால் போதும். இசட்லிப் இவ்வாறு சுமார் 32,000 பைற்றுகள் வரை பின்னே திரும்பிப் பார்க்கும். இரண்டாவது யோசனை டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டது. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. அவர் மாணவராக இருந்தபோது, இறுதிப் பரீட்சைக்குப் பதிலாகக் கட்டுரை சமர்ப்பிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னதால் பிறந்தது இது. எங்களுக்கும் அப்படியொரு தெரிவு இருந்தால்!

இவ்வளவும் நடப்பது கணினியின் நினைவகத்துக்குள்ளேயே. வன்தட்டில் இடைக்காலக் கோப்பு எதுவும் உருவாவதில்லை. ஒரு மாறியில் உள்ள பைற்றுகளை 'கொம்பிரஸ்' என்ற கட்டளைக்குக் கொடுத்தால், சுருங்கிய பைற்றுகள் இன்னொரு மாறியில் வந்துவிடும். 'டீகொம்பிரஸ்' அதை மீண்டும் விரிக்கும். 'உம்மா' என்பதை ஆயிரம் தடவை எழுதி 15,000 பைற்றுகளைக் கொடுத்தேன். நூறு பைற்றுகளுக்குள் அடங்கியது. ஆனால் 'அ' என்ற தனி எழுத்தைக் கொடுத்தால் 3 பைற்றுகள் 11 ஆகக் கூடிவிடும். தலைப்புக்கு 2 பைற்றுகளும் இறுதியில் சரிபார்ப்புக்கு 4 பைற்றுகளும் எப்போதும் சேர்வதே காரணம். நாலடிக் கவிகளை ஒவ்வொன்றாகச் சுருக்கியது நான் விட்ட முதற் பிழை. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கவிகள் அனைத்தும் சேர்ந்தும் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுக்கு வராது. சுருக்கத் தேவையே இருக்கவில்லை.

ஜேபெக் படங்களைச் சுருக்கும்போது நுணுக்கங்கள் சில நிரந்தரமாகப் போய்விடும். இசட்லிப் அப்படியல்ல, விரித்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் பழையபடி வரும். அப்படியானால் என் கவிகள் எப்படிப் போயின?

சுருக்கிய பைற்றுகள் எழுத்துகள் அல்ல. தரவுத்தளத்தில் நான் அமைத்திருந்த நிரலோ எழுத்து வடிவத்திலேயே கவிகளை எதிர்பார்த்தது. ஆகவே சுருக்கியதை எழுத்தாக மாற்றச் சொன்னேன். பிழை காட்டியது. பிழையைப் புறக்கணி என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். பிழைச்செய்தி மறைந்தது, எனக்கும் சந்தோசம். எழுத்தாக மாற்ற முடியாத பைற்றுகள் அனைத்தையும் பைதன் சத்தமில்லாமல் எறிந்துவிட்டது என்பதை நான் அறியவில்லை. இசட்லிப் வழமையாகத் தரும் தலைப்பில் முதற் பைற்று 120, இரண்டாவது 156. அந்த 156 தனியாக நின்று எழுத்தாகாது. ஆகவே அதுதான் முதலில் போயிருக்கிறது. மறுநாள் விரிக்க முயன்றபோது, தலைப்புப் பிழை என்று சொல்லி இசட்லிப் மறுத்துவிட்டது. தலைப்பை நானே திருத்திப் போட்டும் பயனில்லை, உள்ளேயும் பைற்றுகள் பறந்திருந்தன. மூலப் பிரதியை அதற்கு முன்பே அழித்திருந்தேன்.

சரியான வழி எளிதானது. பைற்றுகளைப் பைற்றுகளாகவே தரவுத்தளத்தில் வைக்கலாம். எழுத்தாகத்தான் வேண்டுமென்றால் 'பேஸ்-64' முறையில் மாற்றலாம். அதில் மூன்று பைற்றுகள் நான்கு எழுத்துகளாகும். அளவு சற்றுக் கூடும், ஒன்றும் தொலையாது. இப்போது என் நிரல் சுருக்கியவுடனேயே ஒருமுறை விரித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றென்றால் மட்டுமே சேமிக்கிறது. கூடுதலாக இரண்டு வரிகள்தான்.

இரண்டு வாரங்களுக்கு முந்திய பிரதியொன்று பென்ட்ரைவில் இருந்ததால் பழைய கவிகள் தப்பின. கடைசியாகப் பதிந்த நாற்பதும் போய்விட்டன. வெட்கத்தோடு உம்மும்மாவிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன புள்ள, திரும்பச் சொன்னாப் போச்சு" என்றார். மூன்று பின்னேரங்கள் இருந்து எழுதினோம். முப்பத்தேழு வந்தன. அவற்றில் சில, முதலில் சொன்னதைவிட வேறு சொற்களில் வந்தன என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. மற்ற மூன்றும் அவருக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.