குளிர் பிளாஸ்மாவும் கிருமிகளும்

கிருமிகளோடு மனிதர் நடத்திவரும் யுத்தத்தில் நம் கையிலுள்ள ஆயுதங்கள் மழுங்கி வருகின்றன. பெனிஸிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில் நிகழ்த்திய உரையிலேயே, அம்மருந்தைக் குறைந்த அளவில் உபயோகித்தால் கிருமிகள் அதற்கு அஞ்சாமலிருக்கப் பழகிவிடுமென எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்துக்கு மடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டனரென மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே விஞ்ஞானிகள் மருந்தல்லாத வேறு ஆயுதங்களைத் தேடி வருகின்றனர். அவற்றுள் ஒன்று குளிர் பிளாஸ்மா.

வாயுவினூடே வலிய மின்சாரம் பாயுங்கால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. இந்நிலைக்கு 1928-ல் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். மின்னலும் பிளாஸ்மாவே, சூரியனும் பிளாஸ்மாவே. அத்தகைய நெருப்பை ரணத்தின்மீது காட்டுவது எங்ஙனம் என்று வாசகர்கள் வினவக்கூடும். குளிர் பிளாஸ்மாவில் மிக இலேசான எலெக்ட்ரான்கள் மட்டுமே கடுஞ்சூடடைகின்றன. கனத்த வாயு அணுக்களோ கை பொறுக்கும் சூட்டிலேயே நின்றுவிடுகின்றன. அவ்வெலெக்ட்ரான்கள் காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் தாக்கி, ஓஸோன், நைட்ரிக் ஆக்ஸைடு முதலியவற்றை உண்டாக்குகின்றன. இவை கிருமியின் மேலுறையைச் சிதைத்து, உள்ளிருக்கும் புரதத்தையும் மரபுப்பொருளையும் கெடுக்கின்றன. பல வாயில்களிலும் ஒருங்கே முற்றுகையிடப்பட்ட கோட்டை தப்புவது எளிதன்று.

சாதாரணக் காற்றழுத்தத்தில் உண்டாக்கிய பிளாஸ்மா கிருமிகளைக் கொல்லுமென்பதை 1996-ல் மௌனிர் லரூஸி அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. பின்னர் ஜெர்மானியர் அதை நோயாளிகளிடத்தே பரீட்சித்தனர். நாட்பட்ட ரணமுடைய 36 பேருக்கு, வழக்கமான சிகிச்சையோடு தினந்தோறும் 5 நிமிஷம் ஆர்கான் பிளாஸ்மா செலுத்தப்பட்டது. செலுத்தாத ரணப்பகுதிகளைவிடச் செலுத்திய பகுதிகளில் கிருமிகள் 34 சதவீதம் அதிகமாகக் குறைந்தன என்று 2010-ல் அறிவிக்கப்பட்டது.

எனினும், ஒரு சாட்சியின் வாக்கை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது நியாயமாகாது. நீரிழிவு நோயாளிகளின் கால் ரணங்களைப்பற்றி 2020-ல் வெளியான மற்றொரு ஜெர்மானியப் பரீட்சையில், பிளாஸ்மாவினால் ரணம் விரைந்து ஆறியது உண்மை. ஆனால் கிருமிகளின் தொகையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கண்ணாடித் தட்டில் மடியும் கிருமி, சீழும் சதையும் சூழ்ந்த ரணத்தில் அவ்வாறே மடியுமென்று கொள்ளலாகாது. அன்றியும், ஓஸோன் மிகுந்தால் நுரையீரலுக்குத் தீங்கு. இச்சிகிச்சை தேர்ந்த வைத்தியரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டியதேயன்றி, விளம்பரத்தை நம்பி வீட்டில் செய்துகொள்ளத்தக்கதன்று.

புதிய ஆயுதத்தை நாம் வரவேற்கிறோம். பரீட்சைகள் பெருகட்டும், பயனும் அபாயமும் ஐயமற விளங்கட்டும். ஆயினும் கைகளைச் சுத்தமாகக் கழுவுவதும், வைத்தியர் சொல்லின்றி மருந்துண்ணாமையும் இன்றும் நம் கடமைகளே. பெனிஸிலின் கிடைத்தபோது உலகம் எச்சரிக்கையை மறந்தது. அதன் விலையை நோயாளிகள் உயிராகச் செலுத்தி வருகின்றனர். பிளாஸ்மாவின் விஷயத்திலும் அவ்வாறு நேராமற் காப்பது வைத்தியர்க்கும் பொதுஜனங்களுக்கும் உரிய பொறுப்பாகும்.